நீக்கியதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக் காட்டும், மேசைக் கணினிகளில் பயன்படும் மெய்நிகராக்க மென்பொருள்களின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு, உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். திறக்க எத்தனை விநாடி, எத்தனை திரைகளில் காட்டும், முப்பரிமாண வரைகலை உண்டா என்று வரிசையாக அட்டவணை போட்டிருந்தார்கள். எல்லா வரியிலும் புதியதே முந்தியிருந்தது. 'உடனே மாறிவிடுங்கள்' என்று கட்டுரை முடிந்தது. அதைப் படித்த கையோடு எத்தனை பேர் அன்று மாலையே புதிய பதிப்பை நிறுவியிருப்பார்களோ என்று நினைத்தேன், மனம் பதறிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் தொடங்கியவன். 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. அதில் நான் செய்து வைத்த புத்தகங்கள் நானூறுக்குக் குறையாது. மறுபதிப்பு வரும்போது, 'இரண்டு பிழை திருத்தி, ஆண்டை மாற்றிக் கொடுங்கள்' என்று மட்டும்தான் கேட்பார்கள். கேட்பதற்கு அரை மணி நேர வேலை. அதே ஃபைலைப் புதிய வடிவமைப்பு மென்பொருளுக்குள் இழுத்துப் பார்த்தபோதெல்லாம் வரிகள் இடம் மாறின. வரி மாறினால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் கடைசியில் இருக்கும் பொருளடைவு முழுக்கப் பொய்யாகிவிடும். ஆகவே பேஜ்மேக்கரும், அதற்கு வேண்டிய எழுத்துருக்களும், அவை ஓடும் விண்டோஸ் எக்ஸ்பியும் அப்படியே உயிரோடு இருந்தாக வேண்டும். எக்ஸ்பி ஓடிய கணினியின் தாய்ப்பலகை 2008இல் செத்துப்போனது. அன்றிலிருந்து அந்த எக்ஸ்பி என்னிடம் ஒரே ஒரு பெரிய ஃபைலாகத்தான் இருக்கிறது. கணினிக்குள் கணினி. அதை உள்கணினி என்றும், அதைத் தாங்கும் நிஜக் கணினியை வெளிக்கணினி என்றும் சொல்லிப் பழகிவிட்டேன். இந்தக் கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நான் வைத்திருந்தது விர்ச்சுவல் பிசி 2007. கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் 1997இல் மேக் கணினிகளுக்காகக் கொண்டுவந்த மென்பொருளின் வழித்தோன்றல் அது. 2003இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, 2006இல் இலவசமாக்கியது. அந்த உள்கணினிக்குள் போய், வன்பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் (தாய்ப்பலகையின் துணைச் சில்லுகள்), எஸ்3 ட்ரையோ திரை அட்டை, டெக் 21140 வலை அட்டை, சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டை என்று இருக்கும். இவற்றில் எதுவும் என் மேசையில் கிடையாது. எல்லாம் மென்பொருள் போடும் வேடம். 440பிஎக்ஸ் 1998இல் வந்த சிப்செட். இன்னொரு மெய்நிகராக்க மென்பொருளான விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் தன் உள்கணினிகளுக்குப் போட்டுவிடுவதும் அந்தச் சிப்செட்டின் வேடம்தான். எக்ஸ்பி இத்தனை காலம் நிம்மதியாக ஓடுவதற்குக் காரணமே இதுதான். வெளியே எத்தனை கணினி மாறினாலும் அதன் கண்ணுக்குத் தெரிவது அதே பழைய வீடு. பதிப்புகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, இந்த வேடத்தில் கை வைத்திருக்கிறார்களா என்பதை. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

விண்டோஸ் 7 வந்தபோது 'எக்ஸ்பி மோட்' என்று மைக்ரோசாஃப்டே ஓர் எக்ஸ்பியை உள்கணினியாகக் கொடுத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் விண்டோஸ் 8இல் அது இல்லை. அதற்குப் பதில் ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாஃப்டின் இன்னொரு மெய்நிகராக்க மென்பொருள் வந்தது. அது வேறு வகை. அப்போது நான் வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியதாயிற்று.

அந்த மாற்றத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்கணினியின் வட்டு ஃபைலைப் புதிய மென்பொருளில் இணைக்கும்போது, வட்டைக் கணினியோடு இணைக்கும் எந்தக் கன்ட்ரோலரில் மாட்டுவது என்று கேட்டது. ஐடிஇ, சாட்டா என்று இரண்டு வழி. சாட்டாதான் புதியது, வேகமானது என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். எக்ஸ்பி சின்னம் வந்தது, கீழே பட்டை இரண்டு முறை ஓடியது, உடனே நீலத்திரை. 0x0000007B என்ற எண். அரை நாள் நான் தேடாத இடமில்லை. எக்ஸ்பிக்குச் சாட்டா கன்ட்ரோலரைக் கையாளும் டிரைவர் பிறவியிலேயே கிடையாது. தான் எந்த வட்டிலிருந்து எழுந்ததோ அந்த வட்டையே கண்டுபிடிக்க முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். ஐடிஇக்கு மாற்றியதும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நின்றது. யூஎஸ்பி விஷயமும் இப்படித்தான். மூன்றாம் தலைமுறை யூஎஸ்பி கன்ட்ரோலரைக் கொடுத்தால் எக்ஸ்பிக்கு அது இன்னதென்றே தெரியாது, இரண்டாம் தலைமுறையைத்தான் கொடுக்க வேண்டும். புதிய பதிப்பின் பெருமையாக அட்டவணையில் ஏறும் பல வசதிகள் உள்ளே குடியிருப்பவருக்குப் பயன்படாதவை. உள்ளே விண்டோஸ் 11 இருந்தால் கதையே வேறு. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளில், 2022இல் 7.0 பதிப்பு வந்தபோதுதான் இவை கிடைத்தன. அந்தப் பயனாளர் புதிய பதிப்புக்குப் போயே ஆக வேண்டும். உள்ளே யார் என்று கேட்காமல் எது நல்லது என்று சொல்ல வழியில்லை.

இனி, நீக்கப்பட்டவை பற்றி.

விஎம்வேரின் முதல் ஒர்க்ஸ்டேஷன் 1999இல் வந்தபோது இன்டெல் சில்லுகளில் மெய்நிகராக்கத்துக்கென்று ஒரு வசதியும் கிடையாது. உள்கணினி இடும் கட்டளைகளில் ஆபத்தானவற்றை, ஓடும்போதே பிடித்து, பாதுகாப்பான வேறு கட்டளைகளாக மாற்றி எழுதி ஓட்டினார்கள். பைனரி டிரான்ஸ்லேஷன் என்று பெயர். அந்தச் சில்லுகளில் இதைச் செய்யவே முடியாது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் செய்து காட்டிய வேலை அது, இன்றைக்கும் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. 2005 இறுதியில் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சில்லுக்குள்ளேயே இதற்கு உதவி கொடுக்கத் தொடங்கின. அதன்பிறகு மென்பொருள் அத்தனை பாடுபட வேண்டியதில்லை. மெல்ல மெல்லப் பழைய வழியைக் கழற்றிவிட்டார்கள். 2017இல் வந்த ஒர்க்ஸ்டேஷன் 14, பொதுவாக 2011க்குப் பிறகு வந்த சில்லுகளைத்தான் ஏற்றது. இன்டெல்லின் 2010ஆம் ஆண்டு வெஸ்ட்மியர் வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு, சில்லின் உதவியில்லாமல் ஓடும் வழியை எடுத்துவிட்டது.

இதில் தவறு என்று நான் சொல்லவில்லை. இரண்டு வழிகளையும் காலமெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. பழைய வழியை வைத்திருந்தால் பிழைகளும் அதோடு சேர்ந்தே இருக்கும். என் குறையெல்லாம், இதை வாசகருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான். என்னிடம் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த ஒரு பழைய மடிக்கணினி உண்டு. கோர் 2 டுவோ சில்லு, 32 பிட் விண்டோஸ். பெரிய கணினி பழுதானால் இதில் உள்கணினியை ஏற்றி வேலையை முடித்துக்கொடுப்பேன், இரண்டு முறை அப்படிக் கைகொடுத்திருக்கிறது. 32 பிட் விண்டோஸ் ஓடும் வெளிக்கணினியை ஒர்க்ஸ்டேஷன் 11 பதிப்பு 2014இலேயே கைவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸ் 2018இல் 6.0 பதிப்போடு கைவிட்டது. அதாவது அந்த மடிக்கணினிக்கு இன்று விர்ச்சுவல்பாக்ஸ் 5.2தான் எல்லை. 'உடனே மாறிவிடுங்கள்' என்ற அறிவுரையை அங்கே பின்பற்றவே முடியாது. பெரிய கணினியில் மட்டும் பின்பற்றினால், அங்கே புதிய பதிப்பில் உருவாக்கும் உள்கணினி அவசரத்துக்கு இங்கே திறக்கும் என்ற உறுதி இல்லை. புதிய பதிப்பு பழைய உள்கணினியை ஏற்றுக்கொள்ளும், பழைய பதிப்பு புதிய உள்கணினியை ஏற்காமல் போகலாம். மாற்றுக் கணினி வைத்திருக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

சில்லு மட்டுமல்ல. 2011இல் வந்த ஒர்க்ஸ்டேஷன் 8, பல உள்கணினிகளை ஒரே குழுவாக வைத்து இயக்கும் 'டீம்ஸ்' வசதியை எடுத்துவிட்டது. உள்கணினி ஓடியதைப் பதிந்து வைத்துக்கொண்டு, அச்சுப்பிசகாமல் திரும்ப ஓட்டிக் காட்டும் வசதி ஒன்று முந்தைய பதிப்பில் இருந்தது. பிழை தேடும் நிரலாளர்களுக்கு அது பெரிய வரம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் அந்தப் பதிப்போடு போயிற்று. உள்கணினியின் சன்னல்களை வெளிக்கணினியின் மேசையிலேயே தனித்தனியாகக் காட்டும் யூனிட்டி வசதி, 12ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் வெளிக்கணினிகளுக்கு இல்லை. நிறுவனங்கள் இதையெல்லாம் வெளியீட்டுக் குறிப்பில் எழுதத்தான் செய்கின்றன, மறைப்பதில்லை. கட்டுரை எழுதுகிறவர்கள்தான் 'புதியவை' என்ற தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள், 'நீக்கப்பட்டவை' என்ற தலைப்பு வரை கண் போவதில்லை.

என் தொழிலில் இப்படிச் செய்தால் விடமாட்டார்கள். ஒரு நூலின் இரண்டாம் பதிப்பில் ஓர் இயலை எடுத்திருந்தால், முன்னுரையில் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் பழைய பதிப்பின் பக்க எண்ணைக் குறித்து வைத்திருக்கும் வாசகர் தடுமாறுவார், பதிப்பாளருக்குக் கடிதம் போடுவார். மென்பொருளைப் பற்றி எழுதும்போது மட்டும் அந்த ஒழுங்கு ஏன் வேண்டாமென்று போகிறது?

என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த உண்மையான காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அகராதியின் மறுபதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அறுநூறு பக்கத்துக்கு மேல். அப்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாலையில் வேலை முடிந்ததும் உள்கணினியை நிறுத்த மாட்டேன், அப்படியே உறைய வைத்துவிடுவேன். மறுநாள் காலை ஒரு சொடுக்கில், விட்ட இடத்தில், விட்ட எழுத்தில் குறி மின்னிக்கொண்டிருக்கும். பேஜ்மேக்கர் ஒரு பக்கம், நோட்பேட் ஒரு பக்கம். நோட்பேடில், அகராதியின் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் குறித்து வந்தேன். எந்தச் சொல், எந்தப் பக்கம், என்ன ஐயம் என்று ஏறக்குறைய எழுபது வரி. ஆறு வாரமாக உள்கணினி ஒருமுறைகூட முழுதாக அணையவில்லை. நோட்பேடை ஒருமுறைகூட நான் சேவ் செய்யவில்லை. எப்போதும் திறந்தே இருக்கும் ஒன்றைச் சேமிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

ஒரு சனிக்கிழமை, இதுபோன்ற ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். நிறுவல் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. உள்கணினியைச் சொடுக்கினேன். உறைந்த நிலையிலிருந்து எழுப்ப முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. மறுபடியும் சொடுக்கினேன், அதே செய்தி. பழைய பதிப்பையே திரும்ப நிறுவிப் பார்க்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கலங்கிப்போயிருந்தேன். 'உறைநிலையைக் கைவிடு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருந்தது, வேறு வழியில்லை என்று நினைத்து அதை அழுத்தினேன். எக்ஸ்பி முதலிலிருந்து எழுந்தது, மின்சாரம் போய் வந்த கணினியைப் போல வட்டைச் சரிபார்த்துக்கொண்டே. பேஜ்மேக்கர் ஒவ்வொரு முறை பக்கம் புரட்டும்போதும் தானாகவே ஒரு குறுஞ்சேமிப்பு செய்துகொள்ளும். அதனால் அகராதி பிழைத்தது. நோட்பேட் அப்படிச் செய்யாது. எழுபது ஐயங்களும் போயின. அவற்றைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் உட்கார்ந்து அகராதியை முதலிலிருந்து படித்தேன். அறுபத்து மூன்று கிடைத்தன. மற்றவை என்னவென்று இன்றுவரை தெரியாது. அச்சாகிவிட்ட அந்த நூலில் அவை எங்கோ இருக்கின்றன.

நடந்தது இதுதான். உறைநிலை ஃபைல் என்பது, அந்த நொடியில் உள்கணினியின் நினைவகத்தில் இருந்ததையும், மென்பொருள் போட்டிருந்த ஒவ்வொரு வேடத்தின் உள்நிலையையும் அப்படியே எழுதி வைப்பது. புதிய பதிப்பில் ஒரு வேடம் சற்றே மாறியிருந்தாலும், பழையதன் உள்நிலையை அதற்குள் பொருத்த முடியாமல் போகலாம். வட்டு ஃபைலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது வெறும் வட்டு. பிறகு திரும்பி வருவதற்காக உள்கணினியின் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். உள்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டிலும் இதே உறைநிலைதான் இருக்கிறது. அணைத்துவிட்டு எடுத்ததில் அது கிடையாது. ஆகவே எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறினாலும் முதலில் உள்கணினியை ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிட்டு, அதன் முழு ஃபோல்டரையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற வேண்டும். இந்த ஒரு வாக்கியம் அன்று நான் படித்த கட்டுரையில் இல்லை, சென்ற வாரம் உங்கள் பக்கத்திலும் இல்லை. என் தவறும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

இவ்வளவு சொன்னதால், பழைய பதிப்பிலேயே இருந்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இதைவிடப் பெரிய தவறு.

2015இல் வெனம் என்று பெயரிட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது. கியூஎமு என்ற திறமூல மென்பொருளில், ஃபிளாப்பி வட்டு கன்ட்ரோலரின் வேடத்தைப் போடும் நிரலில் இருந்த பிழை அது. 2004இலிருந்தே அங்கே கிடந்தது. ஃபிளாப்பியை உலகமே மறந்த பிறகும் அந்த நிரலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்கணினிக்குள் புகுந்த ஒருவன், அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கணினிக்கே ஏறி வந்துவிடலாம். கியூஎமுவின் அந்த நிரலைத் தங்களுக்குள் வைத்திருந்த ஜென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருள்கள் மூன்றுமே பாதிக்கப்பட்டன. விஎம்வேரும் ஹைப்பர்-வியும் பாதிக்கப்படவில்லை. திருத்தம் உடனே வந்தது. ஆனால் திருத்தம் புதிய வெளியீடுகளில்தான் வரும். பழையதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பவருக்கு அது வந்து சேராது. எனக்கு இதில் மனத்தில் தைத்தது ஒன்று: என் எக்ஸ்பியிலும் ஒரு ஃபிளாப்பி இயக்கி இருந்தது. ஏழு ஆண்டுகளாக அதை ஒருமுறைகூட நான் தொட்டதில்லை. அன்றே கழற்றிவிட்டேன். கூடவே வலை அட்டையின் இணைப்பையும் துண்டித்தேன். 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்துவிட்டது, அதற்கு இணையத்தில் என்ன வேலை? ஃபைல்கள் போய்வர ஒரே ஒரு பகிர்ந்த ஃபோல்டர் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆக, என் வழக்கம் இதுதான். வெளியே இருக்கும் மென்பொருள் புதியது, உள்ளே இருக்கும் எக்ஸ்பி பழையது, நடுவில் இருக்கும் கதவுகள் கூடியவரை மூடியவை. இணையம் பக்கமே போகாத அந்தப் பழைய மடிக்கணினியில் மட்டும் 5.2 அப்படியே இருக்கிறது.

புதிய பதிப்புகள் சத்தமில்லாமல் செய்து கொடுத்த ஒன்றை உங்கள் கட்டுரையே கவனிக்கவில்லை. விண்டோஸ் 10, 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' போன்ற பாதுகாப்பு வசதிகளும், லினக்ஸை உள்ளே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2உம் அடியில் ஹைப்பர்-வியை ஓட்டுகின்றன. சில்லின் மெய்நிகராக்க உதவியை அது முதலில் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் ஒர்க்ஸ்டேஷனின் பழைய பதிப்புகள், இது எனக்கு ஒத்துவராது என்று சொல்லி நின்றுவிடும். 2020இல் வந்த 15.5.5லிருந்து ஹைப்பர்-வியோடு சேர்ந்தே ஓடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் 6.0லிருந்து சேர்ந்து ஓடப் பழகியது. ஆனால் வேகம் குறையும். அப்படி ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஆமை தெரியும். எனக்கு அந்த ஆமையைப் பிடிக்கும். 'நான் மெதுவாக ஓடுகிறேன், காரணம் நானல்ல, கீழே இருப்பவர்' என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. புதிய பதிப்பு மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் அந்த ஆமையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். விநாடிக் கணக்கில் ஒப்பிடும் எந்த அட்டவணையும், ஆமை தெரிந்ததா இல்லையா என்று குறிப்பிடாவிட்டால் அந்த எண்களை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. உங்கள் அட்டவணையில் பழைய பதிப்பை ஓட்டிய வெளிக்கணினியும் புதியதை ஓட்டியதும் ஒன்றேதானா என்றுகூட இல்லை.

கட்டணத்தைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்' என்று போட்டிருந்தீர்கள். அது 2024 மே மாத நிலை. அந்த ஆண்டு நவம்பரிலேயே அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசமாக்கிவிட்டார்கள். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு திறமூலம், யாரும் பயன்படுத்தலாம். அதோடு தனியாகத் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்குக்கு மட்டும் வேறு உரிமம், தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் அது இலவசம். முன்பு யூஎஸ்பி 2க்கே அந்தப் பேக் வேண்டியிருந்தது. 7.0லிருந்து யூஎஸ்பி 2, 3 இரண்டும் அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டன. என்னைப் போல வேலைக்காகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, அதே அட்டவணையின் வலது ஓரத்தில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய சில்லு, 32 பிட் வெளிக்கணினி, உறைநிலை திறக்குமா, பழைய உள்கணினிக்கான டிரைவர்கள் தொடர்கின்றனவா, இந்த நான்கு இருந்தால்கூடப் போதும். எழுத ஆளில்லை என்றால் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் பதிப்பு மாற்றினேன். முதல் நாள் இரவே எக்ஸ்பியை முறையாக அணைத்து, ஃபோல்டர் முழுவதையும் இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, ஒரு பிரதியை மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். மாற்றி முடித்ததும் வழக்கம்போல என் சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். அந்த அகராதியின் பொருளடைவில் 588ஆம் பக்கம். மூன்று பத்தி, டேப் வைத்துப் பிரித்த எண்கள், இரண்டாம் பத்தியின் கடைசி வரி ஒரு கோட்டுக்குறியில் உடையும். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக அச்சிட்டு, வெளிக்கணினியில் பிடிஎஃப் ஆக்கி, முந்தைய பதிப்பில் எடுத்த பிடிஎஃபை அதன்மேல் வைத்து, இரண்டையும் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். கோட்டுக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
ஒரு பக்க வடிவமைப்பாளர்